வாரத்து மாட்டுக்குப் புண்ணாக்கு

கோவர்த்தனனுக்கு மாட்டின் மேல் அத்தனை ஆசை வந்ததற்குக் காரணமே அவர் வீட்டில் மாடு இல்லாததுதான். நகரியில் தறிக்காரக் குடும்பம். வீட்டுக்குள் இருந்த இரண்டு குழித்தறிக்கே இடம் போதவில்லை, மாட்டை எங்கே கட்டுவது? பால் வேண்டுமென்றால் சொம்பை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய் நிற்க வேண்டும். அப்படி வளர்ந்த பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஊர் ஊராகப் போய் விவசாயம் சொல்லித்தரும் கிராம சேவக் பயிற்சிக்குப் போனது. அங்கே ஒருவர் மாட்டுத் தீனியைப் பற்றி வகுப்பெடுத்தார். கூடப் படித்தவர்களெல்லாம் எருக்குழி, ஜப்பான் முறை நெல் நடவு என்று அலைய, இவர் மட்டும் தவிடு, புண்ணாக்கு, உப்பு என்று மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினார்.

1957-இல் சத்தியவேட்டுப் பக்கம் வேலை கிடைத்தது. வரதய்யபாளையம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த சில சிற்றூர்கள் அவர் பொறுப்பு. அப்போது அது சென்னை ராஜ்ஜியம். அவர் பிறந்த நகரியோ நாலு வருஷம் முன்பே ஆந்திராவோடு போய்விட்டது. “பொறந்தது ஒரு ராஜ்ஜியம், பொழைக்கிறது ஒரு ராஜ்ஜியம்” என்று அவருடைய நைனா நெய்துகொண்டே சிரிப்பார். எந்த ஊர் யாருக்கு என்று டீக்கடைகளில் தமிழிலும் தெலுங்கிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒருவன் தமிழில் தொடங்கிய வசவை அவனே தெலுங்கில் முடிப்பான். மாடுகளுக்கு அந்தக் கவலை இல்லை. எல்லையின் இரண்டு பக்கமும் அவை எலும்பும் தோலுமாகவே இருந்தன.

அந்த எலும்பைப் பார்க்கப் பார்க்க கோவர்த்தனனுக்குப் பொறுக்கவில்லை. ஊர் மாடுகள் கூடும் மந்தைவெளியில் புளியமரத்தடியில் பெண்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார். வைக்கோலை மட்டும் போட்டால் வயிறு நிறையும், மடி நிறையாது. சோளத்தட்டையை நறுக்கிப் போடு. புண்ணாக்கை ராத்திரியே ஊறவை. கழுநீரில் ஒரு பிடி உப்புப் போடு. சினை மாட்டுக்குக் கடைசி மாதங்களில் தீனியை ஏற்று. சொன்னதெல்லாம் சரிதான். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தைத் தப்பென்று சொல்ல முடியாது.

“வைக்கோல் தறியில நெட்டுக்க ஓடற பாவு மாதிரி. புண்ணாக்கு குறுக்க ஓடற ஊடை மாதிரி. பாவை மட்டும் பூட்டி வெச்சிக்கினு உக்காந்தா பொடவை வந்துடுமா?” என்று கேட்டார்.

பெண்கள் சிரித்தார்கள். “தறிக்காரரு மாட்டைப் பிடிச்சி நெய்ய வந்துகீறாருடி!” என்றாள் மணியம்மா. நாற்பது வயசு, வாய்த்துடுக்கு உள்ளவள். அதற்கும் சிரித்தார்கள். சிரித்து முடித்து வீட்டுக்குப் போய், பழையபடி மாட்டின் முன்னால் வெறும் வைக்கோலைப் போட்டார்கள்.

கோவர்த்தனன் அதை அறியாமை என்று எண்ணிக்கொண்டார். அங்கேதான் அவருக்குச் சறுக்கியது.

அந்த ஊர்களில் ஏழை வீட்டு வாசலில் கட்டியிருந்த மாடு அந்த வீட்டு மாடு இல்லை. வாரத்து மாடு. நிலபுலம் உள்ளவர் ஒரு கிடேரிக் கன்றைக் கொடுப்பார். வாங்கியவர் அதை வளர்த்து, சினையாக்கி, ஈன்ற பிறகு பாலைக் கறந்துகொள்ளலாம். கன்று நன்றாகப் புல் கடிக்கத் தொடங்கியதும் மாட்டுக்காரர் வருவார். வெற்றிலை பாக்கு வைத்து மரியாதை செய்ய வேண்டும். தாயா, கன்றா என்று முதலில் பொறுக்கிக்கொள்வது அவர். அவர் விட்டுப்போவது வளர்த்தவருக்கு. பல வருஷப் பாடு அந்த ஒரு காலை வேளையில் தீர்ந்துபோகும்.

அதனால் வாரத்து மாட்டைக் கொழுக்க வைப்பார் யாரும் இல்லை. பொறுக்கும் நாளில் தாய்மாடு நோஞ்சானாக நிற்க வேண்டும், கன்று துள்ள வேண்டும். மாட்டுக்காரர் தாயைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுக் கன்றை ஓட்டிக்கொண்டு போனால், அன்றைக்கே கறவை மாடு சொந்தமாகிவிடும். பிறகு அதற்குத் தீனி வைத்துத் தேற்றிக்கொள்ளலாம். இது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அதிலும் சர்க்கார் ஆளிடமா? மாட்டுக்காரர்களும் சர்க்கார் ஆட்களும் ஒரே திண்டில் சாய்ந்து காபி குடிக்கிறவர்கள். சேவக் காதில் விழுந்தது மறுநாளே மாட்டுக்காரர் காதில் விழும்.

கோவர்த்தனன் கேட்டிருக்கலாம். தறி வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாதுதான். ஆனால் கேட்க வாய் இருந்ததே!

ஒருத்தி மட்டும் அவர் பேச்சைக் கேட்டாள். ரத்தினம்மா. புருஷன் முனிசாமி அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறவன். மகள் தாட்சாயணி ஐந்து வயசிலும் மூன்று வயசுப் பிள்ளை மாதிரி இருந்தாள். காய்ச்சல் வந்து வந்து போகும். ரத்தினம்மாவிடம் இருந்த செவலை மாடு நாராயணவனத்துக் கங்கையா வாரத்துக்கு விட்டது. அது முதல் சினையாக இருந்த சமயத்தில்தான் கோவர்த்தனன் புளியமரத்தடியில் பாடம் சொன்னார்.

ரத்தினம்மா யோசித்தாள். இப்போது தீனி வைத்தால் பால் ஏறும், பிள்ளை தேறும். பொறுக்குகிற நாளுக்கு ஒரு மாசம் முன்னால் தீனியை நிறுத்திவிட்டால் மாடு தானே இளைத்துவிடும். கங்கையா இருப்பதோ நாராயணவனத்தில். நடுவில் வந்து பார்க்கப் போகிறாரா என்ன? கணக்கு சரியான கணக்குதான். சத்தியவேட்டு மண்டியில் கடலை உரிக்கப் போனவள், கூலியில் பாதியைப் புண்ணாக்காக வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அகத்தித் தழை ஒடித்தாள், தட்டை நறுக்கினாள். கோவர்த்தனன் சைக்கிளில் வரும்போதெல்லாம் “சார், ஒரு தபா பாத்துட்டுப் போங்க” என்று கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டுவாள்.

ஐப்பசியில் செவலை ஈன்றது. காளைக்கன்று. ரத்தினம்மாவுக்கு உள்ளுக்குள் அதுவும் மகிழ்ச்சிதான். ஏருக்கு ஆகும் கன்று என்றால் கங்கையா அதைத்தான் ஓட்டிக்கொண்டு போவார். பாலோ அந்த ஊரே பார்த்திராத அளவுக்குச் சுரந்தது. டீக்கடைக்கு ஊற்றியது போக வீட்டுக்கும் மிஞ்சியது. தாட்சாயணியின் கன்னத்தில் சதை பிடித்தது. மாட்டின் விலாவில் ஒரு எலும்புகூடத் தெரியவில்லை. தோல் எண்ணெய் பூசினாற்போல் மின்னியது.

கோவர்த்தனனுக்குத் தலைகால் புரியவில்லை. புளியமரத்தடியில் தொண்டை வறளக் கத்தியதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது அல்லவா?

தை மாசக் கடைசியில் சத்தியவேட்டில் மாட்டுக் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு சேவக்கும் எதையாவது கொண்டுவந்து காட்ட வேண்டும். கோவர்த்தனன் நேரே ரத்தினம்மா வீட்டுக்கு வந்தார்.

“செவலையை நல்லாக் குளிப்பாட்டி ஓட்டிக்கினு வந்துடும்மா. நம்ம மாடுதான் மொதல்ல வரும்.”

அவள் முகம் வாடிப்போனது. “வேணாம் சார்.”

“ஏன் வேணாம்?”

“அவ்ளோ பேரு பாப்பாங்க. கண்ணு பட்டுடும் சார்.”

கோவர்த்தனன் கடகடவென்று சிரித்தார். “கண்ணும் படாது மண்ணும் படாது. இதெல்லாம் மூட நம்பிக்கை. ஒன்னப் பாத்து நாலு பேரு கத்துக்க வேணாமா?”

“வேற யாரு மாட்டையாச்சும் ஓட்டிக்கினு போங்களேன் சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“வேற யாரு மாடு பாக்கிற மாதிரி கீது இந்த ஊர்ல?”

அவள் முனிசாமியைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான். சர்க்கார் மனுஷன், இத்தனை நாள் வீடு தேடி வந்து சொல்லிக்கொடுத்தவர், வாசலில் நின்று கேட்கிறார். எப்படி மறுப்பது? “சரி சார்” என்று சொல்லிவிட்டாள். அந்தச் சரி எவ்வளவு கனத்தது என்று கோவர்த்தனன் கவனிக்கவில்லை. சைக்கிளில் ஏறி, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்தப் பாட்டைப் பின்னாளில் எங்கே கேட்டாலும் எழுந்து போய்விடுவார்.

கண்காட்சியில் செவலைக்குத்தான் முதல் பரிசு. கொம்பில் சாமந்தி மாலை. எல்லார் முன்னாலும் பால் கறந்து காட்டினார்கள். பரிசு பித்தளைத் தூக்கு ஒன்று. ரத்தினம்மா அதை வாங்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றாள். கோவர்த்தனன் பக்கத்தில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஒருவர் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு. மடியைப் பார்த்தார். முதுகைத் தடவினார். பிறகு பின்தொடையில் இருந்த பழைய சூட்டுக்குறியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

“ஏம் சார், இது எங்க மாடாச்சே!” என்றார். “சால பாகுந்தி, ரொம்ப நல்லா கீது! மகளுக்குப் பங்குனியில கல்யாணம் வெச்சிகீறேன். கூட அனுப்பறதுக்கு நல்ல கறவையா தேடிக்கினு நாலு சந்தை சுத்திட்டேன். இங்க பாத்தா என் மாடே மாலை போட்டுக்கினு நிக்குது!”

அவர்தான் கங்கையா. கோவர்த்தனனுக்கு அப்போதும் விளங்கவில்லை. மாட்டுக்குச் சொந்தக்காரர் என்றால் இன்னும் பெருமைதானே என்று நினைத்து, ஈனுவதற்கு முன் என்ன வைத்தோம், ஈன்ற பின் என்ன வைத்தோம், பால் எவ்வளவு ஏறியது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கங்கையா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பக்கத்தில் ரத்தினம்மாவின் கை கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தது.

“அப்ப தாயவே நான் எடுத்துக்கிறேன் ரத்தினம்மா. காளைக்கன்னு ஒனக்கு,” என்றார் கங்கையா. “நல்லா வளத்துகீற. ஒன் கை நல்ல கை.”

“ஒங்க மாடு. ஒங்க இஷ்டங்க,” என்றாள் அவள்.

கோவர்த்தனன் அவளைப் பார்த்தார், கங்கையாவைப் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் மணியம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். வாரத்துக் கதை முழுவதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. “எங்க மாடெல்லாம் இன்னாத்துக்கு எலும்பும் தோலுமா கீதுன்னு ஒரு நாளாச்சும் எங்களக் கேட்டியா சார் நீ? புண்ணாக்கு வைக்கத் தெரியாததாலன்னு நீயே முடிவு பண்ணிக்கின. அவ வேணாம் வேணாம்னு சொன்னா, கேக்கல. இப்ப இன்னா பண்ணப் போற?”

முன்னால் ரத்தினம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள். கொம்பில் மாலை இன்னும் இருந்தது. அதைக் கழற்ற அவளுக்குத் தோன்றவில்லை போலும்.

மறுநாளே அவர் நாராயணவனம் போனார். கல்யாண வெங்கடேசுவரர் கோயில் தேர்வீதியில் கங்கையாவின் பெரிய வீடு. பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கங்கையா நல்ல மனுஷர்தான். உட்காரவைத்துக் காபி கொடுத்தார், சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“நான் இன்னா தப்பு பண்ணிட்டேன் சார்? ஊர் மொறை எதுவோ அதுதானே? நோஞ்சானா இருந்தா கன்னைப் பிடிச்சிருப்பேன். நல்லா இருந்துது, தாயைப் பிடிச்சேன். அவளுக்கு வேற கிடேரி தரேன், வளத்துக்கட்டும்.” சிரித்தார். “ஒண்ணு பண்ணுங்க. நீங்க சொன்ன தீனியை நம்ம ஆளுக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. மகளோட அவந்தான் மாட்டுக்குத் தொணையாப் போறான். மாடு எளைக்கக் கூடாது பாருங்க.”

கோவர்த்தனனுக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் காபியைக் குடித்தாயிற்று. தொழுவத்துக்குப் போய் அந்த ஆளுக்குப் புண்ணாக்கு ஊறவைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அப்படிச் சொல்லிக்கொடுத்ததை நினைத்தால் கிழவரான பிறகும் அவருக்கு உடம்பு கூசும்.

பங்குனியில் கங்கையா வந்து முறைப்படி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு செவலையை ஓட்டிப்போனார். கன்று நாள் முழுக்கக் கத்தியது என்று முனிசாமி சொன்னான். டீக்கடைக்காரர் வேறு வீட்டில் பால் வாங்கத் தொடங்கினார். கன்றுக்கும் தாட்சாயணிக்கும் ரத்தினம்மா ஒரே பானையில் கஞ்சி வைத்தாள்.

“ஆபீஸ்ல ஒரு திட்டம் வருதும்மா. ஏழைங்களுக்குக் கிடேரி தராங்களாம். மொதல்ல ஒனக்குத்தான்,” என்று கோவர்த்தனன் வாக்குக் கொடுத்தார். அது பொய் இல்லை. திட்டம் வருவதாகத்தான் பேச்சு. அவரும் அதன் பின்னால் அலைந்தார். அதற்குள் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி சென்னைக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று முடிவானது. 1960 ஏப்ரலில் ஊர்கள் கை மாறின. ஆபீஸ் திட்டங்களெல்லாம் அந்தரத்தில் நின்றன. வேலை செய்கிறவர்களிடம் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள்.

அவர் அங்கேயே இருந்திருக்கலாம். தெலுங்கு தெரியாதவரா? நகரியில் பிறந்தவருக்குக் கனவே பாதி தெலுங்கில்தான் வரும். சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். ஆனால் திருத்தணியில் ஒரு படி மேலே வேலை காத்திருந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, அதை அவர் வெளியே சொன்னதில்லை. ரத்தினம்மா வாசலைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளை வேகமாக மிதிக்க வேண்டியிருந்தது. அந்த மிதியிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. சென்னை என்று எழுதிக்கொடுத்தார். சொல்லிக்கொள்ளக்கூடப் போகவில்லை.

திருத்தணியில் அவருக்கு நல்ல பெயர். மாட்டுத் தீனி வகுப்பு என்றால் கோவர்த்தனன் சார்தான். ஒன்று மட்டும் மாறியிருந்தது. முன்பு போல எடுத்த எடுப்பில் பாவு, ஊடை என்று தொடங்குவதில்லை. “மாடு ஒங்களுதா, வாரத்துதா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். வாரத்து மாடு என்றால், தீனியைப் பற்றிப் பேசுமுன் மாட்டுக்காரரைத் தேடிப் போய், தாயா, கன்றா என்று பொறுக்கும் முறையை முன்கூட்டியே பேசித் தீர்த்துவிட்டு வருவார். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் போய்யா என்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள், சாருக்கு இது எங்கிருந்து வந்த பைத்தியம் என்று சிரித்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷம் போக நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு மாசியில் சத்தியவேட்டுக்குப் பஸ் ஏறினார். வெறுங்கையோடு போக மனசில்லை. செக்கில் புதிதாக எடுத்த கடலைப் புண்ணாக்கு இரண்டு வில்லையைக் காகிதத்தில் சுற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டார். ஒரு பெண்ணுக்கு இழைத்த கெடுதலுக்கு இரண்டு வில்லைப் புண்ணாக்கு! ஆனால் வேறென்ன கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சத்தியவேட்டில் பஸ் பலகை தெலுங்கில் இருந்தது. ஊர் அப்படியேதான் இருந்தது. ரத்தினம்மா வாசலில் ஒரு கறுப்புக் கிடேரி கட்டியிருந்தது. நிறைசினை. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். பரிசாக வந்த பித்தளைத் தூக்கில் அதற்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, சாரா! வாங்க சார்!” முகமெல்லாம் மலர எழுந்தாள். “ஒரு வார்த்தை சொல்லாம போய்ட்டீங்களே. நல்லா கீறீங்களா? கல்யாணம் ஆச்சா?”

அவர் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார். மணியம்மா மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் இறக்கிவைத்துவிட்டுப் போயிருப்பார். இவளோ மோர் கொண்டுவரட்டுமா என்று கேட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடப் போனாள். வேண்டாம் என்று தடுத்தார்.

“அந்தக் காளைக்கன்னு?”

“தாய்ப்பால் இல்லாம சவலையாப் போச்சி சார். எங்க வூட்டுக்காரரு வித்துட்டாரு.”

“தாட்சாயணி?”

“கீறா. கடலை உரிக்கப் போய்க்கினு கீறா.” எட்டு வயசுப் பிள்ளை. ரத்தினம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கோவர்த்தனன் பார்வையை மாட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இதுவும் கங்கையாவுதா?”

“ஆமா சார். சொன்ன மாதிரி கிடேரி குடுத்துட்டாரு. பங்குனியில ஈனும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, ஆசையோடு கேட்டாள். “சார், இதுக்குப் புண்ணாக்கு வைக்கட்டுமா? எல்லாரும் வேணாங்கறாங்க. நீங்க சொன்னா வைக்கிறேன். ஒங்க பேச்சு ஒண்ணும் பொய்யாப் போவலியே? பால் ஏறிச்சி இல்ல?”

கோவர்த்தனன் கிடேரியின் வயிற்றைப் பார்த்தார். கடைசி மாதத்துச் சினை மாட்டுக்குத் தீனி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. கன்று மெலிந்து பிறக்கும். பால் வற்றும். அந்தப் பாலில்தான் தாட்சாயணிக்கும் பங்கு. இருந்தும் சொன்னார்.

“வேணாம்மா.”

“வேணாமா சார்?”

“கங்கையாகிட்ட நான் போய்ப் பேசறேன். கேக்கறாரோ இல்லியோ, அது என் பாடு. அவரு வந்து பொறுக்கிக்கினு போற வரைக்கும் வைக்காத. வெறும் வைக்கோலே போடு.” பிறகு, “யார் வந்து கேட்டாலும் எங்கியும் ஓட்டிக்கினு போவாத. நானே வந்து கேட்டாலும்,” என்றார்.

அவள் சரி என்று தலையாட்டினாள். அப்போதும் அவர் பேச்சைத்தான் கேட்டாள்.

மாட்டுக்கு மூக்கு சும்மா இருக்குமா? கறுப்புக் கிடேரி கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவர் தோள்பையை முகர்ந்து, நாக்கை நீட்டி நக்கியது. ரத்தினம்மா சிரித்தாள். “பையில இன்னா சார் வெச்சிகீறீங்க? இப்படி மோப்பம் பிடிக்குது?”

“ஒண்ணுமில்லம்மா. துணிதான்,” என்றார்.

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, சாலையில் நாராயணவனம் போகும் பஸ்ஸுக்காக நின்றார்.